பாலைச் சோதிப்பவர்கள் மருந்தையும் சோதிக்கட்டும்

பால் நிறுக்கும் கொட்டகையில் தொழிலாளியின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. வாளியைச் சுமந்து வந்தவன் "இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் அது கணக்கில் ஏறாது. மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்க விட்டுப் பார்க்கிறார்கள். மாதிரி எடுத்துக் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் புத்தகத்தில் எண் விழுகிறது. கட்டிப்பால் விற்கும் சிறு தோட்டக்காரருக்கும் இதே கதிதான். ஈரத்துக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு என்று வியாபாரி கழித்துக்கொண்டுதான் காசைக் கொடுக்கிறான்.

சோதனை செய்வதை நாம் குறை கூறவில்லை. தராசும் கருவியும் நேர்மையாக இருந்தால் சோதனை இரு தரப்பாருக்கும் நல்லதே. நாம் கேட்பது வேறு. தொழிலாளியின் வாளியில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று இவ்வளவு அக்கறையோடு பார்க்கும் இந்த உலகம், அவன் பிள்ளை குடிக்கும் இருமல் மருந்தில் விஷம் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறதா? ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தால் கம்பெனிக்குச் சில வெள்ளி நஷ்டம். மருந்தில் விஷம் கலந்தால் ஏழையின் வீட்டில் ஓர் உயிர் நஷ்டம். இவற்றில் எதற்குச் சோதனை கடுமையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

கை மாறிய பீப்பாய்கள்

நமக்கு வெகு தூரத்தில் இருக்கும் பனாமா நாட்டில் 2006 ஆம் ஆண்டு நடந்ததை ஒவ்வொரு தொழிற்சங்க உறுப்பினரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இருமல் மருந்தைத் தயாரித்துக் கொடுத்தது தொழிலாளர்களின் சந்தாப் பணத்தில் நடக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். நம் நாட்டுச் சொக்சோவைப் போல, உழைப்பவன் சம்பளத்தில் பிடித்த காசில் நடப்பது. இலவசமாகக் கிடைக்கும் மருந்து என்று நம்பித்தான் மக்கள் வாங்கிக் குடித்தார்கள். குடித்தவர்களில் பலருக்குச் சிறுநீர் நின்றது. கை கால் விழுந்தது. மூச்சு முட்டியது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

காரணம் என்ன? மருந்தைக் கரைத்து இனிப்பூட்ட கிளிசரின் என்னும் பாகு சேர்ப்பார்கள். அந்தக் கிளிசரினுக்குப் பதிலாக டைஎத்திலின் கிளைகோல் என்ற இரசாயனம் இருந்தது. அதுவும் பாகு போன்றதுதான், நிறமற்றது, நாக்கில் இனிப்பது, கிளிசரினைவிட மலிவானது. ஆனால் அது தொழிற்சாலைச் சரக்கு. மனிதன் வயிற்றுக்குள் போக வேண்டியதன்று. உடம்புக்குள் போனதும் அது மாற்றமடைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. பெரியவரையே கொல்லக்கூடிய இந்தச் சரக்கு, சிறு குழந்தையை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டுமா?

அந்தச் சரக்கு 46 பீப்பாய்களில் வந்தது. சீனாவில் யாங்சி நதி கடலோடு சேரும் பகுதிக்கு அருகே உள்ள ஓர் ஆலையில் அது புறப்பட்டது. மருந்துச் சரக்குச் செய்ய அந்த ஆலைக்கு அனுமதியே இல்லை. பெய்ஜிங்கில் ஒரு தரகு வியாபாரி வாங்கினான். ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் மற்றொருவன் வாங்கினான். பனாமாவில் மூன்றாமவன் வாங்கினான். மூன்று கண்டங்களில் மூன்று கம்பெனிகள். ஒருவர் கூடப் பீப்பாயைத் திறந்து சோதிக்கவில்லை. சோதிக்காதது மட்டுமா? "99.5 சதவீதம் சுத்தம்" என்ற சான்றுத் தாளை மட்டும் கைக்குக் கை கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்கும்போது செய்த ஆலையின் பெயரையும் முன்னே விற்றவன் பெயரையும் நீக்கிவிட்டார்கள். கடைசியில் அந்தச் சரக்கு சுமார் 260,000 புட்டி மருந்தில் கலந்தது.

இங்கே கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சரக்குக்கு ஆலையில் வைத்த பெயர் "டி. டி. கிளிசரின்". அந்த இரண்டு எழுத்துகள் சீன மொழியில் "பதிலி" என்று பொருள்படும் ஒரு சொல்லின் சுருக்கம். அதாவது, இது கிளிசரின் அல்ல, கிளிசரினுக்குப் பதில் என்று தாளிலேயே எழுதியிருந்தது! இந்த இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று வழியில் எந்தக் குமாஸ்தாவாவது நின்று கேட்டிருந்தால் நூறு குடும்பங்கள் அழுதிருக்கமாட்டா. ஒரு தாள் சரியாக இருக்கிறது என்பதும், சரக்கு சரியாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. செக்ரோலும் ஸ்டோர்ப் புத்தகமும் எழுதிப் பழகிய நமக்கு இது தெரியாததல்ல.

ஒரே விஷம், ஒரே கதை

இது எங்கோ ஒரு நாட்டில் ஒரு முறை தவறி நடந்துவிட்டது என்று சமாதானம் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1937 ஆம் ஆண்டில் இதே இரசாயனம் கலந்த மருந்தால் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் விளைவாகவே, பாதுகாப்பானது என்று காட்டாமல் புது மருந்தை விற்கக்கூடாது என்ற சட்டம் 1938 இல் அந்நாட்டில் வந்தது. பம்பாயில் ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் 1986 ஆம் ஆண்டு 14 நோயாளிகள் கலப்படக் கிளிசரினால் மாண்டார்கள். நீதிபதி லெண்டின் விசாரணை செய்தபோது, ஆஸ்பத்திரிக் கொள்முதலிலும் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவிலும் இருந்த அழுகல் வெளியே வந்தது. 2022 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் இறந்ததை இருமல் மருந்தோடு தொடர்புபடுத்தி உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது.

அதே 2022 இல் நம் பக்கத்து வீடான இந்தோனீசியாவில் 200 குழந்தைகளுக்கு மேல் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். தொழிற்சாலைச் சரக்கு இருந்த பீப்பாய்க்கு மருந்துச் சரக்கின் சீட்டை ஒட்டி விற்றிருக்கிறார்கள். வாங்கிய மருந்து கம்பெனியோ தானே சோதிக்காமல் விற்றவன் கொடுத்த தாளை நம்பியது. 2023 நவம்பரில் கெடிரி நகர நீதிமன்றம் அந்தக் கம்பெனியின் தலைவருக்கும் மூன்று அதிகாரிகளுக்கும் இரண்டிரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு ஆயுள் முழுவதும் துக்கம். அதற்குக் காரணமானவர்களுக்கு இரண்டு ஆண்டு.

2025 ஆம் ஆண்டில் நடந்ததோ நமக்கு இன்னும் நெருக்கமானது. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் ஓர் இருமல் மருந்தால் மாண்டார்கள். அந்த மருந்து செய்யப்பட்டது நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். சென்னையில் சோதித்தபோது அதில் டைஎத்திலின் கிளைகோல் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அதாவது புட்டியில் ஏறக்குறைய பாதி விஷம். சாவு நேர்ந்த பின் அதிகாரிகள் அந்த ஆலைக்குள் போய்ப் பார்த்து 300 க்கு மேற்பட்ட குறைகளைக் கண்டெழுதினார்கள். நாம் கேட்கிறோம்: முந்நூறு குறைகள் ஒரே இரவில் முளைத்தனவா? அந்த ஆலைக்கு உரிமம் கொடுத்தவர் யார்? ஆண்டு தோறும் போய்ப் பார்த்திருக்க வேண்டியவர் யார்? குழந்தைகள் செத்த பிறகு திறந்த கண், அதற்கு முன் ஏன் மூடியிருந்தது?

லஞ்சம் எங்கே நுழைகிறது?

கலப்படம் செய்பவன் ஒருவன் மட்டும் முயன்றால் இவ்வளவு தூரம் வர முடியாது. அவனுக்குக் கதவைத் திறந்து விட ஒருவன் வேண்டும். அந்தக் கதவைத் திறக்கும் சாவிதான் லஞ்சம். சீனாவில் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜெங் சியாவ்யூ என்பவர் மருந்து கம்பெனிகளிடம் 6 மில்லியன் யுவானுக்கு மேல் கைக்கூலி வாங்கியதாக நிரூபிக்கப்பட்டு, 2007 ஜூலையில் தூக்குத் தண்டனைக்குச் சமமான மரண தண்டனை அடைந்தார். பனாமா பீப்பாய்களுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நாம் சொல்லவில்லை. காவல் காக்கும் நாயே எலும்புத் துண்டுக்கு வாலாட்டினால் வீட்டின் கதி என்ன என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

லஞ்சம் என்றால் மேசைக்கு அடியில் கை மாறும் பணம் மட்டுமே என்று எண்ணிவிடக்கூடாது. நாளைக்குச் சோதனைக்கு வருகிறோம் என்று முதல் நாளே ஆலைக்குத் தகவல் போவதும் லஞ்சத்தின் பிள்ளை. தரத்தைக் கேட்காமல் வேண்டியவனுக்குக் குத்தகை கொடுப்பதும் அதன் பிள்ளை. காலாவதியான மருந்துக்குப் புதுத் தேதி ஒட்டுவதும், ஆஸ்பத்திரிக் கிடங்கிலிருந்து மருந்து பின்வாசல் வழியே போவதும், ஒரு கம்பெனியின் விருந்தைச் சாப்பிட்டுவிட்டு அதன் மருந்தையே எல்லாருக்கும் எழுதித் தருவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். கடைசியில் இந்தக் குடும்பத்துக்கெல்லாம் செலவு செய்வது நோயாளி.

சோதனை செய்தால் மருந்தின் விலை ஏறும் என்று சிலர் வாதம் செய்வார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: தினந்தோறும் ஒவ்வொரு தொழிலாளியின் பாலையும் சோதிக்கிறீர்களே, அதனால் ரப்பர் தொழில் மூழ்கிவிட்டதா? ஒரு பீப்பாயைச் சோதிக்கும் செலவை அதிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான புட்டிகளில் பங்கிட்டால் ஒரு புட்டிக்கு என்ன வரும்? அந்தச் சில காசை மிச்சப்படுத்தத்தான் பிணங்கள் விழுந்தன.

நம் லயங்களில்

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. நச்சுப் பொருள் சட்டமும் மருந்து விற்பனைச் சட்டமும் 1952 ஆம் ஆண்டிலேயே வந்தவை. 1984 ஆம் ஆண்டின் விதிகளின்படி மருந்துகள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவான மருந்தின் பெட்டியில் "மால்" என்ற மூன்று ரோமன் எழுத்துகளோடு பதிவு எண் இருக்கும். 2005 ஆம் ஆண்டு முதல் பளபளக்கும் பாதுகாப்புச் சீட்டும் ஒட்டப்பட்டு வருகிறது. 2025 மே முதல் தேதியிலிருந்து தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் விலையை எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டளையும் வந்திருக்கிறது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை.

ஆனால் சட்டம் பட்டணத்துக் கடையோடு நின்றுவிடுகிறது. ஆபத்தோ மோட்டார் சைக்கிளில் ஏறித் தோட்டத்துக்குள் வருகிறது. சம்பள நாள் தெரிந்து வரும் மருந்து வியாபாரியை அறியாத தோட்டம் உண்டா? முழங்கால் வலி, இடுப்பு வலி, மூச்சிரைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை, ஒரே பாட்டில் என்கிறான். "நாட்டு மருந்துதான், வேர்தான், பக்க விளைவு கிடையாது" என்கிறான். வாங்கிச் சாப்பிட்டவருக்கு இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது. ஆகவே அடுத்த மாதமும் வாங்குகிறார்.

அந்த வலி எப்படிப் பறந்தது? பதிவில்லாத இப்படிப்பட்ட நாட்டு மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது டாக்டர் எழுதிக் கொடுத்து, அளவு பார்த்து, நாள் பார்த்துச் சாப்பிட வேண்டிய மருந்து. அளவின்றி மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும், குடலில் புண் வந்து இரத்தம் போகலாம். இதில் இன்னொரு பயங்கரமும் உண்டு. நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து வரலாம். ஆகவே இத்தகைய மருந்தைச் சாப்பிட்டு வரும் தோழர்கள் இதைப் படித்ததும் பயந்து பாட்டிலை வீசிவிட வேண்டாம். அந்தப் பாட்டிலையே கையில் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டியவன் விற்றவன், வாங்கியவர் அல்ல.

பால்வெட்டுத் தொழிலாளி ஏன் அந்த வியாபாரியிடம் வாங்குகிறான்? அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். விடியற்காலையில் மரத்துக்குப் போகிறவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. வண்டிச் செலவு வேறு. பல தோட்டங்களில் டிரெஸரும் இல்லை, மருந்தறையும் இல்லை. கடிதம் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளியோ ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே பயப்படுகிறான். நியாயமான வாசல் அடைபட்டால் மனிதன் திருட்டு வாசலில்தான் நிற்பான். ஆகவே வியாபாரியை விரட்டினால் மட்டும் போதாது. நல்ல மருந்து லயத்துக்குக் கிட்ட வர வேண்டும்.

மருந்தே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மலேரியாவில் கொத்துக் கொத்தாக மாண்ட முன்னோரின் வரலாறு நமக்குத் தெரியும். கொய்னாவும், சதுப்பு நிலத்தின் வாய்க்கால் வேலையும், பின்னர் வந்த புது மருந்துகளும்தான் தோட்டங்களைச் சுடுகாடாகாமல் காத்தன. மருந்து உயிர் காப்பது என்பதாலேயே அதில் கலப்படம் செய்பவன் கொலைகாரனுக்கு ஒப்பானவன் என்கிறோம்.

நாம் கோருவன

முதலாவது, திரவ மருந்து செய்யும் ஒவ்வோர் ஆலையும் கிளிசரின் போன்ற மூலச் சரக்கை வாங்கும்போது ஒவ்வொரு பீப்பாயையும் தானே சோதிக்க வேண்டும். விற்றவன் தாள் செல்லாது. சோதனை முடிவை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

இரண்டாவது, தண்டனை கூட வேண்டும். 1952 ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்குத் தனி ஆளுக்கு 25,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும்; கம்பெனிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். கள்ள மருந்து வியாபாரத்தில் புரளும் பணத்துக்கு முன் இது வியாபாரச் செலவில் ஒரு வரி. உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் அபராதத்தோடு விடக்கூடாது.

மூன்றாவது, அரசாங்கம் மருந்து வாங்கும் குத்தகைகள் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். விலை குறைவு ஒன்றே கணக்காகிவிடக்கூடாது. யாரிடம், என்ன விலைக்கு, எங்கே செய்த மருந்து என்பது நோயாளிக்குத் தெரிய வேண்டும்.

நான்காவது, மருந்தறை உள்ள தோட்டங்களில் மருந்துப் புத்தகம் வைக்க வேண்டும். விற்றவர் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் அதில் ஏற வேண்டும். சங்கக் கிளைக் கமிட்டி அதைப் பார்வையிட நிர்வாகம் இணங்க வேண்டும். மருந்தறை இல்லாத தோட்டங்களுக்கு மாதம் ஒரு முறையேனும் அரசாங்க நடமாடும் கிளினிக் வர வேண்டும். அன்று சிகிச்சைக்குப் போகிறவர் கூலி பிடிக்கப்படக்கூடாது.

ஐந்தாவது, மருந்து உறையில் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் அளவு, தேதி, கொடுத்தவர் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். வெறும் உறையில் கலர் மாத்திரையைப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தமிழரானாலும் மலாய்க்காரரானாலும் வங்காளதேசியானாலும் இந்தோனீசியரானாலும், அவரவர் படிக்கும் மொழியில் அளவைச் சொல்ல வேண்டும்.

நாம் செய்வன

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி உட்காருவது தொழிற்சங்கத்தின் வேலையன்று. பெட்டியில் பதிவு எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். எண் இருந்தும் சந்தேகம் வந்தால் கிளினிக்கில் உள்ள மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள். பதிவு எண்ணை இணையத்திலும் சரிபார்க்கலாம், பிள்ளைகள் உதவுவார்கள். சீல் உடைந்த புட்டியைத் தொடாதீர்கள். மருந்து குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அந்தப் புட்டியையும் எடுத்துப் போங்கள். மருந்து வியாபாரி லயத்துக்கு வந்தால் பாட்டிலின் பெயரைக் குறித்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அவர் மாநில மருந்தக அமலாக்க அதிகாரிகளுக்கு எழுதட்டும். லஞ்சம் கைமாறக் கண்டவர்கள் ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு எழுதலாம். அமலாக்க அதிகாரிகளிடம் நேரே தகவல் கொடுப்பவரைக் காக்க 2010 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது.

"நாம் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்?" என்ற சோர்வு வேண்டாம். அதே பனாமாவில், 2007 ஆம் ஆண்டு மே மாதம், ஓர் அரசாங்க அலுவலகத்தின் சாதாரண ஊழியர் மலிவுக் கடைக்குப் போனார். அங்கே விற்ற பற்பசையின் சீட்டைப் படித்தார். நூறு பேரைக் கொன்ற அந்த இரசாயனத்தின் பெயர் அதிலே அச்சாகியிருந்தது. கடையில் எத்தனையோ பேர் அதைக் கையில் எடுத்திருப்பார்கள். படித்தவர் அவர் ஒருவர். புகார் கொடுக்கப் போனால் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அவர் சலிக்காமல் போனார், கொடுத்தார். அதன் விளைவாக முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் அந்தப் பற்பசை பிடிபட்டது. அவர் மந்திரியல்ல, டாக்டரல்ல. நம்மைப் போல மாதச் சம்பளத்துக்கு எழுதும் ஆள்தான்.

தோழர்களே! நம் பாலை நிறுப்பவர்கள் நம்மை நம்புவதில்லை. சோதித்துப் பார்த்தே எழுதுகிறார்கள். அந்தப் பாடத்தை நாமும் கற்றுக்கொள்வோம். நம் பிள்ளையின் வாயில் ஊற்றும் மருந்தையும் யார் சொன்னாலும் நம்பிவிட வேண்டாம். சீட்டைப் படிப்போம், எண்ணைக் கேட்போம், புகாரை எழுத்தில் கொடுப்போம். கிளைக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளை விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றித் தலைமையகத்துக்கு அனுப்புமாறு எல்லாக் கிளைகளையும் கேட்டுக்கொள்கிறோம்.